எந்தச் சிகரத்தில் ஏறுவது? மீட்டரைப் பார்க்கும் முன் நாட்களை எண்ணுங்கள்

கயிறு கட்டிப் பாறை ஏறத் தெரியாது, பனிச்சுவரெல்லாம் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் நன்றாக நடக்க வரும். நடந்தே போகக்கூடிய உயரங்களில் பெரியதாக ஒன்றைத் தொட்டுவிட வேண்டும் என்று ஆசை. இப்படிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முச்சந்தியில் வந்து நிற்கிறார்கள். நேராக ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ போகலாமா, அதற்கு முன் மலேசியாவின் கினபாலு மாதிரி ஒன்றைப் பார்த்துவிடலாமா? பிரிட்டனில் 24 மணி நேரத்தில் மூன்று சிகரங்கள் ஏறுகிறார்களே, உயரம் குறைவு என்பதால் அது சுலபமா? எப்படியும் கஷ்டப்படத்தான் போகிறோம், தென் அமெரிக்காவின் அகொன்காகுவாவுக்கே போய்விட்டால் என்ன?

வழக்கமாக இவற்றை உயரத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். 4,095 மீட்டர் கினபாலுவை விட 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ கடினம், அதைவிட 6,961 மீட்டர் அகொன்காகுவா கடினம் என்று. இந்தக் கணக்கை நான் பாதிதான் நம்புவேன். உயரமான நடைமலைகளில் பலர் பாதியில் திரும்புவதற்குக் காரணம், அந்த உயரத்துக்கு உடல் பழகும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவதுதான். ஏழு நாள் எடுத்துக்கொண்டு ஏறும் 5,895, ஐந்து நாளில் ஏறும் அதே 5,895-ஐ விட எளிய மலை. ஆகவே என் அளவுகோல்களில் முதலிடம் நாட்காட்டிக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

நாட்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஓர் இரவுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி இது. பகலில் அதைவிட உயரம் போய்விட்டுக் கீழே இறங்கிப் படுத்தால் நல்லதுதான்; கணக்கில் வருவது படுக்கும் இடம். 5,500 மீட்டர் வாக்கில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அங்கே உடற்பயிற்சி பெரிதாகக் கைகொடுக்காது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். சொல்லப்போனால் அவருக்குத்தான் ஆபத்து கொஞ்சம் கூடுதல், வேகமாக ஏறிவிடுவார்.

தரை. வெறும் நடைபாதையா, கையூன்றி ஏற வேண்டிய பாறையா, பனியாறா? உயரக் கணக்கில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அனுமதி. ஒரு மலை நமக்குத் திறந்திருக்கிறதா என்பது இன்றைய விதியைப் பொறுத்தது, அந்த விதி மாறிக்கொண்டே இருக்கும். லடாக்கின் ஸ்டோக் காங்ரி (6,153 மீட்டர்) நடையாளர்களின் ஆறாயிரம் என்று பெயர் வாங்கியது; 2020-லிருந்து மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் உலூருவில் 2019 அக்டோபரோடு ஏறுவது நின்றது. மொராக்கோவின் துப்கலுக்கு 2018 கடைசியிலிருந்து வழிகாட்டி கட்டாயம். ஃபூஜியின் யோஷிதா பாதையில் 2024 முதல் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு. பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு டிக்கெட் போடுவது வீண் செலவு.

மறைசெலவு. விளம்பரத்தில் இருக்கும் தொகையில் வராதவை: உயரத்துக்கான இன்ஷூரன்ஸ், வாடகை உபகரணம், அன்பளிப்பு (டிப்ஸ்), வானிலை கெட்டால் கூடுதலாகத் தங்கும் நாட்கள்.

இறங்கும் வழி. உடம்புக்கு முடியவில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் கீழே வர முடியும்? இதை யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

## ஒரே நாளில் மூன்று சிகரங்கள்

பிரிட்டனின் மூன்று சிகரச் சவால் எளிமையாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் 978, வேல்ஸின் ஸ்னோடன் 1,085. மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். உயர நோய் என்ற பேச்சே கிடையாது.

கஷ்டம் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நடை மொத்தம் சுமார் 37 கிலோமீட்டர், ஏற்றம் கூட்டிப் பார்த்தால் 3,000 மீட்டரை ஒட்டி வரும். அது போக மலைகளுக்கு இடையே கார்ப் பயணம் 700 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு மலையிலிருந்தும் வியர்வையோடு இறங்கி, மணிக்கணக்காக மடங்கி உட்கார்ந்து, கால் விறைத்துப்போன பிறகு அடுத்த மலையில் முதல் அடி வைக்க வேண்டும். பொதுவாக ஸ்காஃபெல் பைக் நடு இரவில் வரும். மூன்றிலும் உயரம் குறைந்தது அதுதான், வழி தவற ஏற்றதும் அதுதான்: உச்சியை ஒட்டி வெறும் கற்குவியல், மூடுபனி வந்தால் தலைவிளக்கின் வெளிச்சம் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவராக நிற்கும். வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலை ஏறியவர் வண்டி ஓட்டக் கூடாது. தூங்காத ஆள் ஸ்டியரிங் பிடிப்பது இந்தச் சவாலில் எந்தப் பாறையையும் விட ஆபத்தானது. தனி ஓட்டுநர், முடிந்தால் இருவர், அவர்களுக்குத் தங்க இடம், வண்டி வாடகை எல்லாம்தான் இதன் மறைசெலவு. நள்ளிரவில் கூட்டம் கூட்டமாக வந்து கதவை அறைந்து மூடிக் கத்துகிறவர்களால் மலையடி ஊர்க்காரர்களுக்குத் தொல்லை என்ற புகார் வேறு நெடுநாளாக இருக்கிறது.

ஒரே நாள் சவால்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு யார்க்‌ஷயர் மூன்று சிகரங்களுக்கு. பென்-இ-கென்ட், வெர்ன்சைட், இங்கிள்பரோ மூன்றும் 694 முதல் 736 மீட்டருக்குள். ஒரே வட்டப் பாதையில் சுமார் 39 கிலோமீட்டர், 12 மணி நேரம் இலக்கு. கார் இல்லை, இரவு இல்லை, புறப்பட்ட இடத்திலேயே முடியும். பெயர் அவ்வளவு எடுபடாது என்பது மட்டும்தான் குறை.

யாருக்கு: நீண்ட விடுப்பு கிடைக்காதவர்கள், நிதி திரட்டக் குழுவாக ஏறுபவர்கள், உயரத்தில் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்ற கவலையே வேண்டாம் என்பவர்கள்.

## நாலாயிர மீட்டர் வரிசை: கினபாலு, துப்கல், விட்னி

உயரம் என்றால் என்ன என்று உடம்புக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும், ஆனால் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இந்த வரிசை.

போர்னியோத் தீவின் கினபாலு (4,095 மீட்டர்) இரண்டு நாள் மலை. திம்போஹான் வாசல் 1,866 மீட்டரில். முதல் நாள் ஆறு கிலோமீட்டர் ஏறி 3,272 மீட்டரில் இருக்கும் பனாலபானில் படுக்கை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, கருங்கல் சரிவில் பதித்த கயிற்றைப் பிடித்து, உச்சி. பிறகுதான் உண்மையான பரீட்சை. அன்றைக்கே 800 மீட்டர் சொச்சம் ஏறிய கால்கள் 2,200 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். கீழ்ப்பகுதி முழுக்க மரப்படிகளும் வேர்ப்படிகளும். ஒவ்வொன்றும் முழங்காலில் இடித்துக்கொண்டே போகும். வாசலுக்கு வந்து சேரும்போது பலர் படிகளில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி இறங்குவதைப் பார்க்கலாம். ஏற்றத்துக்கு மட்டும் பயிற்சி எடுத்தவர்களை இந்த மலை கையும் களவுமாகப் பிடித்துவிடும். வழிகாட்டி கட்டாயம், மேலே படுக்கை உறுதியானால்தான் அனுமதி, அந்தப் படுக்கைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். கடற்கரையிலிருந்து வந்து முதல் இரவே 3,272-இல் படுக்காமல், சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் பூங்காத் தலைமையகத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறினால் தலைவலி குறையும்.

வட ஆப்பிரிக்காவின் மிக உயரமான துப்கல் (4,167) இவற்றில் மலிவானது, நாள் வளைந்துகொடுக்கக் கூடியது. இம்லில் கிராமம் 1,740, மலைக்குடில் 3,207. கோடையில் சரளைச் சரிவில் மூச்சிரைக்கும் நடை, அவ்வளவுதான். குளிர்காலத்தில் அதே சரிவு இறுகிய பனி. பூட்ஸுக்கு அடியில் கட்டும் இரும்பு முட்களும் பனிக்கோடரியும் இல்லாமல் போகக் கூடாது. ஒரே பெயர், இரண்டு மலைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் உயரமானது விட்னி (4,421). பாதை தரமானது, போய்வர 35 கிலோமீட்டர். சிக்கல் அனுமதியில்: மே முதல் நவம்பர் தொடக்கம் வரை ஒரு நாளைக்கு நூறு பகல் அனுமதிகள்தான், பிப்ரவரியில் குலுக்கலுக்கு எழுதிப்போட வேண்டும். மலத்தைக்கூடப் பையில் கட்டிக் கீழே எடுத்து வர வேண்டும் என்பது விதி. குலுக்கலில் பெயர் வராத ஆண்டு வரவில்லைதான். இதை நம்பி வேறு திட்டம் போடாதீர்கள்.

யாருக்கு: பெரிய மலைக்குப் பணம் கட்டும் முன் ஒத்திகை பார்க்க விரும்புகிறவர்களுக்கு. இங்கே பழகியது அடுத்த ஆண்டுவரை உடலில் தங்காது, சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் தன் உடல் உயரத்தில் என்ன செய்யும் என்ற அறிவு தங்கும், அது போதும்.

## கிளிமஞ்சாரோ

நடந்து போகக்கூடிய பெருமலை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர், காரணத்தோடுதான் சொல்கிறார்கள். 5,895 மீட்டர், ஆப்பிரிக்காவின் உச்சி, வழக்கமான பாதைகளில் கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம். பதிவுபெற்ற வழிகாட்டியும் சுமைதூக்கிகளும் கூட வருவார்கள். தனியாக ஏற அனுமதி கிடையாது.

முடிவெடுக்க வேண்டியது மலையை அல்ல, பாதையையும் நாட்களையும். மராங்கு பாதையை எடுத்துக்கொள்வோம். குடிலில் கட்டில் மெத்தை உண்டு, கூடாரம் இல்லை, ஐந்து நாளில் முடியும், விலையும் குறைவு. புதியவர்கள் இதில் மயங்குவது இயல்பு. குடில்களின் உயரத்தைப் பாருங்கள்: மந்தாரா 2,720, ஹொரொம்போ 3,720, கிபோ 4,720. ஓர் இரவுக்கு ஆயிரம் மீட்டர், விதி சொல்வதில் இரண்டு மடங்கு. கிபோவில் அரைகுறையாகக் கண்ணை மூடிவிட்டு நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். மலிவான பாதை என்று போய், உச்சி பார்க்காமல் வந்தால் அதுதான் மிக விலையுயர்ந்த பாதை. ஹொரொம்போவில் ஒரு நாள் கூட்டினால் கொஞ்சம் தேவலாம்.

மச்சாமே அல்லது லெமோஷோ வழியாகப் போனால் லாவா டவர் என்னும் 4,600 மீட்டர் இடத்துக்கு ஏறிவிட்டு, அன்றைக்கே பரான்கோ முகாமுக்கு, நாலாயிரத்துக்குக் கீழே, இறங்கிப் படுக்கலாம். மேலே ஏறு, கீழே தூங்கு என்பது இதுதான். மச்சாமேயை ஏழு நாளிலும் லெமோஷோவை எட்டு நாளிலும் செய்யுங்கள். ஆறு நாள் மச்சாமேயும் விற்கிறார்கள். வாங்க வேண்டாம்.

கடைசி இரவைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. 4,673 மீட்டரில் இருக்கும் பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்புவார்கள். முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரியும். வழிகாட்டிகள் 'போலே போலே' என்பார்கள், மெதுவாக மெதுவாக. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைக்கும் நேரத்தில் ஒரு முழு மூச்சு விட வேண்டியிருக்கும். முதுகுப்பையிலிருந்து வரும் தண்ணீர்க்குழாய் முதல் ஒரு மணி நேரத்திலேயே உறைந்துவிடலாம். அதனால் அகல வாய்ப் புட்டியைத் தலைகீழாக, காலுறைக்குள் நுழைத்துப் பைக்குள் வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் கட்டும், நிமிர்த்தினால் அது அடியில் இருக்கும், வாயில் தண்ணீர் வரும். போன் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு 1,200 மீட்டர் ஏறி, அதே நாளில் சுமார் 3,100-இல் இருக்கும் ம்வேகா முகாம்வரை இறங்குவது வழக்கம். கினபாலு கற்றுக்கொடுத்த முழங்கால் பாடம் இங்கே உதவும்.

மறைசெலவில் பெரியது வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்கிகளுக்கான அன்பளிப்பு. அதைத் திட்டத்தின் பகுதியாகவே ஒதுக்கி வையுங்கள். சந்தையில் எல்லோரையும் விடக் குறைந்த விலை சொல்லும் நிறுவனம் அந்தக் குறைவை எங்கிருந்தாவது ஈடுகட்டும். பெரும்பாலும் சுமை தூக்குகிறவரின் கூலியிலும் சாப்பாட்டிலும். ஒருவருக்குச் சுமை வரம்பு 20 கிலோ என்பது கேள்வி கேட்க நல்ல இடம். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

யாருக்கு: மலையில் மட்டும் ஏழெட்டு நாள், போய்வர இரண்டு மூன்று நாள், இவ்வளவு விடுப்பு உறுதியாக உள்ளவர்களுக்கு.

## நடைமலை என்ற பெயரில் எல்ப்ரூஸ், அகொன்காகுவா

கிளிமஞ்சாரோ முடித்த கையோடு அடுத்து என்ன என்று கேட்டால் பலர் கைகாட்டுவது ரஷ்யாவின் காகசஸ் மலைத்தொடரில் இருக்கும் எல்ப்ரூஸை. 5,642 மீட்டர், கிளிமஞ்சாரோவை விடத் தாழ்வு. 3,850 மீட்டர்வரை கேபிள் கார் போகிறது, அதற்கு மேலும் பனிவண்டி கிடைக்கும். சுலபம் என்றுதானே தோன்றும்? ஆனால் ஏறுவது பனியாற்றின் மீது. வானம் மூடிவிட்டால் தரைக்கும் மேகத்துக்கும் வித்தியாசம் தெரியாது, வழியை விட்டு விலகினால் வெடிப்புகள். இரும்பு முள் கட்டி நடக்கவும், சறுக்கினால் பனிக்கோடரியால் தன்னை நிறுத்திக்கொள்ளவும் கற்றவர்களுக்கான மலை இது. போதாக்குறைக்கு, பல நாட்டு அரசுகளின் பயண எச்சரிக்கையில் அந்தப் பகுதி இருக்கிறது. எச்சரிக்கையை மீறிப் போனால் பொதுவாக இன்ஷூரன்ஸ் செல்லாது.

அகொன்காகுவா 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே இதைவிட உயர்ந்த மலை இல்லை. வழக்கமான பாதையில் தொழில்நுட்ப ஏற்றம் கிடையாது என்பது உண்மை. அந்த ஒரு வரியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 18 முதல் 20 நாள் வேண்டும். மேல் முகாம்களுக்குச் சுமையை நீங்களே பல நடையாகத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். அடிவார முகாம்களில் மருத்துவர் ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் பார்த்து, சரியில்லை என்றால் மேலே விட மாட்டார். காற்று எழுந்தால் கூடாரத்துக்குள் நாட்கணக்கில் காத்திருப்புதான். அந்தக் காத்திருப்புக்கான நாட்களைத் திட்டத்தில் வைக்காதவர் ஏறும் முன்பே தோற்றவர்.

யாருக்கு: கிளிமஞ்சாரோவில் உடல் ஒத்துழைத்ததா என்று தெரிந்தவர்கள், பனியில் ஒரு வாரமாவது பயிற்சி எடுத்தவர்கள். முதல் சவாலாக இரண்டுமே வேண்டாம்.

## பட்டியலை முடிக்கும் சவால்

ஒரே பெரிய மலைக்குப் பதில், பல சிறியவை, பல ஆண்டுகள். ஸ்காட்லாந்தின் மன்றோ மலைகள் 282, எல்லாம் 3,000 அடிக்கு, அதாவது 914 மீட்டருக்கு மேல். கொலராடோவில் 14,000 அடியைத் தாண்டியவை, எண்ணுகிறவரைப் பொறுத்து 53-லிருந்து 58.

எனக்கு இந்த வகை மேல் தனிப் பிரியம் உண்டு. ஒரு நாள் தோற்றால் ஒரு நாள்தான் போகும், மலை அங்கேயே இருக்கும். பணமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும். ஆனால் பட்டியலுக்குள் பொறி இருக்கும். மன்றோக்களில் ஸ்கை தீவின் 'இனாக்ஸஸிபிள் பினாக்கிள்' கயிறு போட்டு ஏற வேண்டிய பாறைக்கத்தி. கொலராடோவில் எல்பர்ட் (4,401) யாரும் நடக்கக்கூடியது. கேபிட்டல் சிகரத்திலோ இருபுறமும் பாதாளமான முகட்டில் தவழ வேண்டும். கூலெப்ரா தனியார் நிலம், முன்பதிவும் கட்டணமும் உண்டு. ஆரம்பிக்கும் முன் பட்டியலின் மிகக் கடினமான மூன்றைப் படித்துப் பாருங்கள். அவை வேண்டாம் என்று தோன்றினால், அவற்றை விட்டுவிட்டு நீங்களே ஒரு பட்டியல் போட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

யாருக்கு: மலைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு. தொலைவில் இருப்பவர்களுக்குப் பயணச் செலவே பட்டியலைத் தின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| சவால் | உச்சி | வேண்டிய நாட்கள் | தரை | பெரிய மறைசெலவு | இறங்கும் வழி |
|---|---|---|---|---|---|
| மூன்று சிகரங்கள் | 1,345 மீ | முன்னும் பின்னும் சேர்த்து 3 | பாதை, கற்குவியல் | ஓட்டுநர், வண்டி | சில மணி நேரம் |
| கினபாலு | 4,095 மீ | 3 | படிகள், கருங்கல் சரிவு | முன்பதிவு, முழங்கால் | அதே நாள் |
| துப்கல் | 4,167 மீ | 3 - 4 | சரளை. குளிர்காலத்தில் பனி | பனி உபகரணம் | அதே நாள் |
| கிளிமஞ்சாரோ | 5,895 மீ | மலையில் 7 - 8 | பாதை, சரளை | அன்பளிப்பு | ஒன்று, ஒன்றரை நாள் |
| எல்ப்ரூஸ் | 5,642 மீ | 8 - 9 | பனியாறு | பயிற்சி, இன்ஷூரன்ஸ் | வானிலை விட்டால் அதே நாள் |
| அகொன்காகுவா | 6,961 மீ | 18 - 20 | சரளை, பனி, காற்று | காத்திருப்பு நாட்கள் | இரண்டு நாளாவது |
| பட்டியல் | பல | ஆண்டுகள் | கலவை | பயணம் | சில மணி நேரம் |

## எதைத் தேர்ந்தாலும்

இன்ஷூரன்ஸ் பாலிசியில் உயர வரம்பைத் தேடிப் படியுங்கள். பல பாலிசிகள் ஒரு குறிப்பிட்ட மீட்டருக்கு மேல் செல்லாது, அது பொடி எழுத்தில்தான் இருக்கும். உயரத்துக்கு உடல் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். எடுத்தாலும் அது நாட்களுக்கு மாற்று அல்ல. குழுவில் யாராவது தள்ளாடினால், ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். அந்த நிமிடமே இறக்க வேண்டும், இரவானாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்.

இன்னும் குழப்பம் தீரவில்லை என்றால் விடுப்பு நாட்களை எண்ணுங்கள். நீண்ட வார இறுதிதான் இருக்கிறதா, யார்க்‌ஷயர் மாதிரி ஒரு நாள் வட்டம். ஐந்தாறு நாளா, கினபாலு அல்லது கோடையில் துப்கல். பத்து நாளுக்கு மேலா, கிளிமஞ்சாரோவை நீண்ட பாதையில். கையில் இருப்பது ஏழே நாள், மனசு கிளிமஞ்சாரோவில்தான் என்றால் இந்த ஆண்டு துப்கலுக்குப் போய்விட்டு, மீதி நாளை அடுத்த ஆண்டு விடுப்போடு சேர்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஐந்து நாள் மராங்குவை மட்டும் வாங்காதீர்கள்.